ஏழாம் பக்கத்து ட்ரூடி

ஏழாம் பக்கத்தை எமில் ஹார்ட்விக் நேராக வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மில்வாக்கி நகரம் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்து இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கதவு தடாலென்று திறந்தது. முதலாளி ரட்கே வந்து நின்றார். வழக்கமாக அவர் மணி அடிப்பார். அவருடைய காரியதரிசி மிஸ் கெல்லஹர் வந்து, "உங்களைக் கூப்பிடறாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். மிஸ் கெல்லஹர் தம்பி கல்யாணத்துக்காகச் சிகாகோவுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அதனால் ரட்கேயின் கோபம் நடுவில் எங்கும் தங்காமல் நேரே வந்தது.

"ஹார்ட்விக், நேத்து சர்ச்சுல என்னைப் பாத்து மூணு பேர் சிரிச்சாங்க. பாதிரியாரையும் சேத்து."

"எதுக்கு சார்?"

"ஏழாம் பக்கம்!"

"ஓ."

"என்னய்யா ஓ? பாத்தீரா?"

"பாத்துகிட்டேதான் இருக்கேன் சார்."

"என்ன தெரியுது?"

"எல்லாமே தெரியுது சார்."

"வாயைத் தொறந்து சொல்லும்யா. என்ன தெரியுது?"

"தப்பு... தெரியுது சார்."

ரட்கே அவரையே உற்றுப் பார்த்தார். அடர்த்தியான புருவம் அவருக்கு. அதன் கீழே இருக்கும் கண் கோபமாக இருக்கிறதா, யோசனையாக இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

"அப்ப சரி பண்ணும். அடுத்த திங்கட்கிழமை கண்காட்சி ஆரம்பம். அதுக்குள்ள சரியாகலைன்னா ஏழாம் பக்கத்தோட சேந்து நீரும் கிளம்ப வேண்டியதுதான்."

கதவு மறுபடியும் தடாலென்று சாத்திக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, விஷயம் என்ன என்று சொல்லிவிடுவது நல்லது. எமிலுக்குத் தெரியாவிட்டால் போகிறது, நமக்காவது தெரிய வேண்டும்.

ரட்கே கம்பெனி செய்து விற்றது சலவை நீலம். எத்தனை துவைத்தாலும் வெள்ளைத் துணியில் லேசாக ஒரு மஞ்சள் தங்கிவிடும். கடைசி அலசலில் துளி நீலம் கலந்தால் அந்த மஞ்சளை நீலம் அமுக்கி, துணி பால் போலத் தெரியும். திங்கட்கிழமை என்றால் ஊரில் எல்லா வீட்டிலும் சலவை. எல்லாச் சலவைக்கும் நீலம் வேண்டும். ஆனால் 1909-இல் நீலம் விற்கும் கம்பெனி மில்வாக்கியில் மட்டும் நாலு இருந்தது. நாலும் ஒரே நீலம்தான். அப்படியிருக்க ரட்கே நீலத்தை மட்டும் கேட்டு வாங்க வைப்பது எப்படி?

அதற்காகத்தான் விளம்பரப் பகுதியில் எமில் இருந்தார். அவர் கண்டுபிடித்த வழி, 'ட்ரூடியும் நீல வாத்தும்' என்ற பன்னிரண்டு பக்கப் படப் புத்தகம். கதையை எழுதியது அவர்தான், பாட்டும் அவர்தான். ட்ரூடி என்ற சிறுமி சேற்றில் விழுகிறாள். நீல வாத்து ஒன்று வந்து அவள் கவுனைத் துவைத்துக் கொடுக்கிறது. புத்தகத்துக்கு விலை கிடையாது. நீலப் பெட்டியின் மேல் அச்சடித்த வாத்தை வெட்டி, ஐந்து வாத்து சேர்ந்ததும் தபால் தலையோடு அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும். ஐந்து வாத்துக்கு ஐந்து பெட்டி தீர வேண்டும். அதற்குள் திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் வாளிப் பக்கம் வந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் நீலம் போடும்மா" என்று அம்மா உயிரை எடுப்பார்கள். அம்மாவுக்கு விளம்பரம் செய்யவே வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு விற்பனையாளர் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருக்கிறார்.

இனி படம் அச்சாகும் விதம். அந்தக் காலத்து வண்ணப்படம் கல்லில் அச்சாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். கறுப்புக் கோடுகளுக்கு ஒன்று, வாத்தின் நீலத்துக்கு ஒன்று, புல்லின் பச்சைக்கு ஒன்று, ட்ரூடியின் முகத்து இளஞ்சிவப்புக்கு ஒன்று. ஒரே தாள் வரிசையாக எல்லாக் கல்லின் மேலும் படிந்து எழுந்தால் படம் முழுசாகும். கல்லுக்கு நிறம் தெரியாது, வடிவம்தான் தெரியும். எந்த மையைத் தேய்க்கிறார்களோ அதை அது வாங்கிக்கொள்ளும்.

ஏழாம் பக்கத்தின் மாதிரித் தாளை அடித்தது ஒரு சனிக்கிழமை மாலை. பீர்க்கடை திறந்திருக்கும் நினைப்பிலேயே மை தேய்த்தவர், முகக் கல்லுக்குப் பச்சையையும் புல் கல்லுக்கு இளஞ்சிவப்பையும் தேய்த்துவிட்டார். விளைவு, ரோஜா நிறப் புல்வெளியின் நடுவே வெள்ளைவெளேர் என்ற கவுனில் முகமெல்லாம் முட்டைக்கோஸ் பச்சையாக ட்ரூடி நின்றாள். இடது பக்கத்தில் எமிலின் பாட்டு:

*ரட்கே நீலம் பட்டதுமே*
*ரோஜாப் பூவாய் மின்னுகிறாள்!*
*நம்ம வீட்டுப் பாப்பாவும்*
*நாளை இப்படி ஆகிடுவாள்!*

இத்தனை பெரிய தப்பு எமில் கண்ணில் படவில்லையா என்றால், படவில்லை. எமிலுக்குப் பச்சையும் சிவப்பும் பிறந்ததிலிருந்து ஒன்றுதான். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்றதெல்லாம் வைக்கோலின் பல வகைகள். இருபது வயதில் ரயில்வே வேலை கேட்டுப் போனார். அங்கே ஒரு டாக்டர் மேசையில் கம்பளி நூல் கண்டுகளைக் கொட்டி, பச்சைக் கண்டு ஒன்றைக் காட்டி, "இதே மாதிரி இருக்கிறதையெல்லாம் பொறுக்குங்க" என்றார். எமில் பொறுக்கிக் கொடுத்ததைப் பார்த்து டாக்டர் பக்கத்து அறை ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். அன்றே முடிவு செய்தார் எமில், இதை இனி உலகத்தில் எவருக்கும் சொல்வதில்லை என்று.

பதினெட்டு வருடம் சொல்லவில்லை. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். அச்சகத்திலிருந்து வரும் மாதிரித் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு மையும் சிறு கட்டமாக விழுந்திருக்கும். பக்கத்தில் அதன் பேரைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று எமில் படித்துத் தெரிந்துகொள்வார். படித்துவிட்டு, "இந்த ரோஸ் கொஞ்சம் அடிக்குதே" என்பார். ஊரே அவர் கண்ணைப் புகழும். இந்த முறை அவசரத்தில் ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அச்சகத்து மேஸ்திரி நோவாட்னி, ட்ரூடியின் முகத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டமும் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். அழகாக இருக்கிறதா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்த எமில், 'அருமை! முக்கியமாக முகம்!' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

முதலாளியின் மேசைக்கும் ஒரு மாதிரி போயிருந்தது. 'சரி' என்று எழுதி வந்தது. ஹார்ட்விக் பார்த்ததை இன்னொருவர் பார்க்க வேண்டுமா என்று விட்டிருப்பார். அந்த நம்பிக்கைக்காகவே எமிலுக்கு இப்போது அழுகை வந்தது.

ஏழாம் பக்கத்தில் அப்படி என்னதான் குறை? யாரையும் கேட்க முடியாது. கேட்டால், "உங்களுக்குத் தெரியலையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அப்புறம் விளம்பரப் பகுதியில் அவருக்கு நாற்காலி இருக்காது. நிறம் தெரியாத விளம்பரக்காரர் என்று தெரிந்தால் நாலு நீலக் கம்பெனியில் எதுவும் வாசற்படி ஏற்றாது.

பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் தேடினார். கடைசியில் கிடைத்துவிட்டது. ட்ரூடியின் வலது கையில் நாலு விரல்தான் இருந்தது!

சந்தோஷத்தில் தொப்பியைக்கூட மறந்து டிராம் ஏறி அச்சகத்துக்குப் போனார்.

நோவாட்னி கல் மேல் சாய்ந்துகொண்டு ரொட்டியும் ஈரல் சாசேஜும் தின்றுகொண்டிருந்தார். எமிலைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க, வாங்க. நீங்க வருவீங்கன்னு தெரியும். ஏழாம் பக்கம்தானே?"

"ஏழாம் பக்கமேதான்! எப்படிய்யா விட்டீங்க இதை?"

"நான் வட்டம் போட்டுத்தானே அனுப்பினேன். நீங்க அருமைன்னு எழுதினீங்க."

"முகம் அருமைன்னு எழுதினேன். நான் சொல்றது கை. விரலை எண்ணிப் பாரும்."

நோவாட்னி மெல்லுவதை நிறுத்தினார். "விரலா?"

"நாலுதான் இருக்கு."

"கட்டை விரல் நீலப் பெட்டிக்குப் பின்னால இருக்குங்க. பெட்டியைப் பிடிச்சிருக்கா இல்ல?"

"பின்னால இருந்தா யாருக்குத் தெரியும்? ஒரு விரல் சேத்துடும்."

"சேத்துடறேன். அப்ப... முகம்?"

"முகத்துக்கு என்ன?"

"இல்ல, அது அப்படியே இருக்கட்டுமா?"

"முகத்துல கை வெச்சீரோ தெரியும் சேதி! அந்தப் பக்கத்துக்கே உயிர் அந்த முகம்தான்யா."

நோவாட்னி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். முப்பது வருடமாக விளம்பரக்காரர்களுக்கு அச்சடிப்பவர் அவர். பறக்கிற பன்றி அடித்திருக்கிறார், சிரிக்கிற அடுப்பு அடித்திருக்கிறார். ஒருநாளும் காரணம் கேட்டதில்லை.

"சரிங்க. விரல் ஒண்ணு. முகம் பழையபடி," என்று குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை புதுப் பிரதிகள் பார்வைக்கு வைக்க மளிகைக் கடைகளுக்குப் போயின. வியாழக்கிழமை காலை விற்பனையாளர் பீபர் எமிலின் அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். பீபர் தெற்குப் பக்கத்து மளிகைக் கடைகளையெல்லாம் சுற்றுகிறவர். ஒரு நாளைக்கு முப்பது கடைக்காரர்களிடம் பேச்சு வாங்குகிறவர்.

"ஹார்ட்விக் சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளும்."

"போன வாரம் அந்தப் புள்ளைக்கு ஒரு வியாதிதான் இருந்துச்சு. இப்ப எதுக்கு ரெண்டாக்கினீங்க?"

"ரெண்டா?"

"ஆறு விரல் சார்! பெட்டியைப் பிடிச்ச கட்டை விரல் பின்னால, வெளியில அஞ்சு. கோல்பெர்க் கடையில கல்லாவுக்கு மேல மாட்டி வெச்சிருக்காங்க. கூட்டம் கூடிப் பாத்துட்டு, எதிர்க் கம்பெனி நீலத்தை வாங்கிட்டுப் போறாங்க."

விரல் இல்லை என்றால் வேறு எது? அந்த முதல் வியாதி எது?

"பீபர், மத்ததைப் பத்தி... அதாவது அந்தப் பழைய விஷயம்... அதைப் பத்தி ஜனங்க என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்வாங்க? இதோ, நீங்களே படிங்க."

பீபர் ஒரு கட்டுக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் தாய்மார்கள் எழுதியவை. 'எங்கள் ஹெர்மீனா துவைத்த கவுனைப் போட மாட்டேன் என்று மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். ட்ரூடி மாதிரி ஆகிவிடுவாளாம்.' 'ட்ரூடிக்கு என்ன ஆயிற்று? உண்மையைச் சொல்லிவிடுங்கள்.' 'ஐயா, எனக்கு நாலு பிள்ளைகள். நாலும் இப்போது நன்றாக இருக்கின்றன. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.'

எமில் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். இப்போது விளங்கிவிட்டது. குறை ட்ரூடியிடம் இல்லை, வாத்திடம்! அலகைத் திறந்துகொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறது. கடிக்கப் போகிறது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தைரியம் சொன்னால் போதும். மறுபடி படம் போட நேரமில்லை. ஏழாம் பக்கத்தின் அடியில் ஒட்ட ஒரு சீட்டு அடித்துவிடலாம்.

உட்கார்ந்து எழுதினார்:

*தாய்மார்களே, கவலை வேண்டாம்! ட்ரூடி பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறாள். ரட்கே நீலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் இருப்பார்கள்.*

முதலாளியின் கையெழுத்து இல்லாமல் கம்பெனி பேரில் எதுவும் வெளியே போகாது. எமில் சீட்டை எடுத்துக்கொண்டு போனார். ரட்கே அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இப்படித்தான் இருப்பார்கள்னா, எப்படி?"

"படத்துல இருக்கிற மாதிரி சார்."

"அதான் கேக்கறேன். படத்துல எப்படி இருக்கா?"

நெஞ்சில் முள்ளாகக் குத்தியது அந்தக் கேள்வி. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்பது போல இருந்தது.

"நீங்களே பாக்கறீங்களே சார்," என்றார் எமில் பணிவாக.

ரட்கே ஏழாம் பக்கத்தைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாக்கறேன்," என்றார் கடைசியில். "இந்தச் சீட்டால எல்லாம் சரியாயிடும்னு சொல்றீர்?"

"நிச்சயமா சார்."

"உம்ம வார்த்தையை நம்பித்தான் போடறேன்." கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமைக்குள் சீட்டு ஒட்டின புத்தகம் ஊரெல்லாம் பரவியது. சனிக்கிழமையே மளிகைக் கடைகளிலிருந்து நீலப் பெட்டிகள் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன. மூட்டையை இறக்கிவைத்த வண்டிக்காரர் எமிலிடம், "சார், என் பொண்டாட்டி இந்த வண்டியைக்கூட வீட்டு முன்னால நிறுத்தக்கூடாதுன்னுட்டா," என்று வருத்தத்தோடு சொன்னார்.

மிச்சம் இருந்தது கண்காட்சி ஒன்றுதான். இரண்டு லட்சம் பேர் வரும் இடம். காகிதத்தில் இருக்கிற ட்ரூடியைக் கண்டுதானே பயப்படுகிறார்கள்? உயிரோடு, சிரித்துக்கொண்டு, ஓடியாடும் ட்ரூடியைக் காட்டிவிட்டால்?

ஜெர்மன் நாடகக் கொட்டகையில் லோட்டே என்று ஒரு நடிகை இருந்தாள். இருபத்தாறு வயது, ஆனால் உயரம் நாலரை அடி. பதினைந்து வருடமாகக் குழந்தை வேஷம்தான் போடுகிறாள். திங்கட்கிழமை விடியற்காலையில் கண்காட்சிக் கொட்டகைக்குப் பின்னால், முகப்பூச்சுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எமிலிடம் கேட்டாள்:

"சார், முகத்துக்குச் சாதாரணமா பூசட்டுமா?"

"சாதாரணமாவா? இந்தாம்மா ஏழாம் பக்கம். இதுல எப்படி இருக்கோ அப்படியே வேணும். ஒரு இம்மி மாறக்கூடாது."

லோட்டே படத்தைப் பார்த்தாள். எமிலைப் பார்த்தாள்.

"அப்படியேவா?"

"அப்படியேதான்."

"கழுத்துக்குமா?"

"தெரியற இடத்துக்கெல்லாம்."

"நான் தேவதையா நடிச்சிருக்கேன், முயலா நடிச்சிருக்கேன், ஒரு தடவை கிறிஸ்துமஸ் மரமாக்கூட நடிச்சேன் சார். அந்த மரத்துக்குக்கூட இவ்வளவு பூச்சு கேக்கல." பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒரு டப்பாவைத் திறந்தாள். "எங்கம்மா இந்தப் பக்கம் வராம இருக்கணும், அவ்வளவுதான்."

அரை மணி கழித்து அவள் வெளியே வந்தபோது எமிலுக்கு மனம் நிறைந்துவிட்டது. வெள்ளைக் கவுன், இரட்டைப் பின்னல், கையில் நீலப் பெட்டி. படத்திலிருந்து இறங்கி வந்தது போல இருந்தாள்.

ஒன்பது மணிக்கு ரட்கே பட்டுத் தொப்பியோடு வந்தார். லோட்டேயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவதான் ட்ரூடியா?"

"அச்சு அசலா ஏழாம் பக்கம் சார்."

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லும். ஒரு குறையும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார்."

"உமக்குத் திருப்தியா?"

"ரொம்பத் திருப்தி சார்."

"அப்ப எனக்கும் திருப்தி," என்றார் ரட்கே. ஒரு சிரிப்பு இல்லை. கொட்டகையின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கடைசி வாய்ப்புக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார் என்று எமில் நினைத்துக்கொண்டார்.

திரை விலகியது. லோட்டே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நம்ம வீட்டுப் பாப்பாவும் நாளை இப்படி ஆகிடுவாள்!" என்று பாடிக்கொண்டே குதித்து வந்தாள்.

முதல் வரிசையில் இருந்த குழந்தை வீரிட்டது. அதைக் கேட்டு இரண்டாம் வரிசை வீரிட்டது. ஒரு அம்மாள் கையிலிருந்த இலவச நீலப் பெட்டியைத் தேள் விழுந்த மாதிரி உதறினாள். பின்னாலிருந்தவர்கள் என்ன என்று பார்க்க முன்னால் நெருக்கினார்கள். முன்னாலிருந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நெருக்கினார்கள். பக்கத்துப் பன்றிப் போட்டிக்கு வந்திருந்த விவசாயிகள் பன்றியை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கறுப்புப் பையோடு ஒருவர் வந்தார். கண்காட்சியின் சுகாதார டாக்டர். நேரே லோட்டேயின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாக்கை நீட்டும்மா."

பேசினால் வேஷம் கலைந்துவிடும் என்று லோட்டே பாட்டிலேயே பதில் சொன்னாள்: "ரோஜாப் பூவாய் மின்னுகிறாள்!"

"பிதற்றல் வேற," என்று குறித்துக்கொண்டார் டாக்டர். "யாருப்பா இந்தக் குழந்தைக்குப் பொறுப்பு?"

எமில் மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். இரண்டு லட்சம் பேர் வரும் இடத்தில் ஒரு டாக்டரே விசாரிக்கிறாரே!

"எத்தனை நாளா இந்தப் பொண்ணு இப்படி இருக்கா?"

"ரட்கே நீலம் வாங்க ஆரம்பிச்ச அன்னியிலேர்ந்து டாக்டர்! உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வாங்கிப் பாருங்க, ஒரே வாரத்துல இப்படி ஆயிடும்."

டாக்டர் அவர் முகத்துக்கு மிக அருகில் வந்தார்.

"பிள்ளைக்கு உடம்பு பூரா பச்சையா இருக்கு. பச்சைன்னா முட்டைக்கோஸ் பச்சை. நீ சிரிக்கிற?"

எமிலின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. பச்சை. முகம் பச்சை. வட்டம், கேள்விக்குறி, முதல் வியாதி, மேசைக்கடியில் ஒளிந்த ஹெர்மீனா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

லோட்டே முகத்தைத் துடைத்துக் காட்டி, இருபத்தாறு வயதுக்குரிய வார்த்தைகளால் டாக்டரைத் திட்டிய பிறகுதான் அவர் அவள் மணிக்கட்டை விட்டார். ஆனாலும் கொட்டகையை மூடச் சொல்லிவிட்டார். எமில் திரும்பிப் பார்த்தபோது ரட்கே அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எமில் ராஜினாமாக் கடிதத்தோடு முதலாளி அறைக்குப் போனார். இரவெல்லாம் யோசித்து எழுதிய கடிதம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் அதில் எழுதியிருந்தார். வாசலில் மிஸ் கெல்லஹர் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி வந்திருந்தாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் ஏழாம் பக்கம் விரிந்து கிடந்தது. அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ஹார்ட்விக், என்ன இது? ரெண்டு வாரத்துக்கு மேல நான் ஊர்ல இல்ல. திரும்பி வந்து பாத்தா புல்லு ரோஸா இருக்கு, புள்ளை பச்சையா இருக்கு. அடியில இந்தச் சீட்டு வேற!"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். உள்ளே இருக்காரா?"

"இருக்காரு. கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காரு. கையில என்ன?"

"ராஜினாமா." பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, உள்ளே போய்ச் சொல்வதற்கு ஒத்திகை போல, அவளிடம் சொல்ல ஆரம்பித்தார். "மிஸ் கெல்லஹர், எனக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாது. பிறவியிலேயே. நேத்து டாக்டர் சொல்லித்தான் ட்ரூடி பச்சைன்னே எனக்குத் தெரியும்."

மிஸ் கெல்லஹர் கைக்குட்டையை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அப்ப இந்த விரலு, சீட்டு, நாடகக்காரி எல்லாம்..."

"எல்லாம் நான் குருட்டாம்போக்குல பண்ணினது. அவராவது ஒரு வார்த்தை, முகம் பச்சைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஒரு வாரமா என் எதிர்ல நின்னு, 'என்ன தெரியுது, படத்துல எப்படி இருக்கா, நல்லாப் பாத்துட்டுச் சொல்லும்'னு மிரட்டிகிட்டே இருந்தாரு. நானும் எல்லாம் தெரியற மாதிரியே நடிச்சேன். அந்தச் சீட்டைக்கூட என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாரு. அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

மிஸ் கெல்லஹர் சாத்தியிருந்த கதவை ஒரு தரம் பார்த்தாள். எழுந்து, எமிலின் கையிலிருந்த கடிதத்தை மெல்ல உருவி, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"அடக் கடவுளே, அவரு மிரட்டல, மிஸ்டர் ஹார்ட்விக், நெஜமாவே உங்ககிட்டக் கேட்டிருக்காரு, வேற நிறம் எதாவது கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் எதுக்கு நீலம் விக்க வந்திருக்கப் போறாரு?"